சோலைமலையின் இடது விலா

"இது ஹார்ட்டுதான் டாக்டரம்மா. எங்கப்பாவும் இப்படி விலாவைப் புடிச்சிக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தாரு!"

கங்காணி சோலைமலை, தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்தார். எரிச்சல் தாங்காமல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். ஒரு அதட்டலில் தேயிலை மலையையே அடக்குகிற குரல் இப்போது நடுங்கியது.

"பயப்படாதீங்க, ஈசிஜி நல்லா இருக்கு," என்ற டாக்டர் ஷாமிலா விலாவை அழுத்திப் பார்த்தார். "கொப்புளம் இல்ல, அதனால அக்கியும் இல்ல. லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். எப்பல்லாம் எரியுது?"

"மலைக்குப் போனா எரியுது. வீட்டுக்கு வந்தா அடங்கிருது."

"கேஸா இருக்கும்னு இஞ்சிச் சாறு குடுத்தேன். சுளுக்கா இருக்கும்னு தைலம் தேச்சேன்," என்று கண்ணைத் துடைத்தாள் மனைவி ராசம்மா. அவளும் அவருக்குக் கீழே கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்திதான். "எனக்கென்னமோ பொம்பளைங்க வயித்தெரிச்சல்னுதான் தோணுது. அந்தச் சட்டத்தை விட்டுருங்கன்னா கேக்குறாரா?"

"என்ன சட்டம்?"

"மலையில போன் கூடாதுன்னேன் டாக்டரம்மா," என்றார் சோலைமலை. "கொழுந்தை விட்டுட்டு அரட்டைதான் நடக்குது. அதான் காலையில பெரட்டுல பேர் குடுக்கும்போதே வாங்கி வச்சிக்கிறேன். தப்பா?"

"எங்க வச்சிக்குவீங்க?"

"கோட்டு உள் பாக்கெட்டுல. மழையில நனைஞ்சா என் தலையைத் தின்னுருவாளுங்களே!"

டாக்டர் சுவரில் தொங்கிய கோட்டைத் தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"ஹார்ட்டும் இல்ல, கேஸும் இல்ல. எல்லாம் போன் சூடு! ஆனா ஆஃப் பண்ணின போன் இப்படிச் சுடாதே?"

"எல்லாம் ஆஃப்தாங்க. வேற யாரையும் நான் நம்புறதில்ல. இவதான் ஒவ்வொருத்திகிட்டயும் வாங்கி, ஆஃப் பண்ணி, துணிப்பையில இறுக்கிக் கட்டித் தருவா."

ராசம்மா அவசரமாகக் கோட்டை எடுக்கப் போனாள். டாக்டர் முந்திக்கொண்டு பையை அவிழ்த்தார். உள்ளே ஆறு போனிலும் சத்தம் மட்டும்தான் நிறுத்தப்பட்டிருந்தது. டார்ச் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

சோலைமலை வாயைப் பிளந்தபடி மனைவியைப் பார்த்தார்.

"கொழும்புல வேலை செய்யிற நம்ம மகளுக்குப் பேச நேரம் கெடைக்கிறதே பத்து மணி டீக்குத்தாங்க," என்றாள் ராசம்மா. "அந்த நேரம் மட்டும் போனை என் கையில குடுங்க. நாளையில இருந்து எரியவே எரியாது."