தொண்டையில் மிஞ்சிய இருவர்

தணிகாசலத்தின் தொண்டையில் இரண்டே கிருமிகள் மிஞ்சியிருந்தன. மற்றவையெல்லாம் மாத்திரைக்குப் பலியாகிவிட்டன.

"அண்ணே, இன்னும் ஒரு மாத்திரை வந்தா நாமும் காலி" என்றது சின்னது.

"வராதுடா. காய்ச்சல் விட்டாச்சு, ஆள் பிரியாணி கேக்கறார். மிச்ச மாத்திரையை பிரிட்ஜ் மேல வீசிடுவார். நாம பெருகிக்கலாம். அப்புறம் இதே மாத்திரை நம்ம பிள்ளைங்களை ஒண்ணும் பண்ணாது."

வெளியே தணிகாசலத்தின் குரல் கேட்டது. "எனக்குத்தான் சரியாப் போச்சே, கௌசல்யா!"

பெரியது குதித்தது. "கேட்டியா?"

"டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் முழுங்குங்க. இல்லேன்னா இன்னிக்கும் கஞ்சிதான்" என்றாள் அவர் மனைவி.

டம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசை. பிறகு மடக்கென்று ஒரு சத்தம்.

"அண்ணே, வெறும் தண்ணிதானே?"

பெரியது அண்ணாந்து பார்த்தது.

"தண்ணிதான்டா. ஆனா நடுவுல சிவப்பா ஒருத்தன் நீந்தி வரான்."