காலில் கட்டிய பெயர்

பிரசவ வார்டின் ஜன்னல் வெயில் பாதிக் கட்டில் வரை வந்துவிட்டது. அவள் மடியில் குழந்தை தூங்குகிறது. பிறப்புப் பதிவுப் படிவத்தைக் கணவன் மணிமணியான எழுத்தில் நிரப்பிவிட்டான். குழந்தையின் பெயருக்கான கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்றாவது தடவையாக வந்த பதிவுக் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி, "பத்து மாசம் இருந்துச்சேம்மா, போதலையா?" என்கிறார். "நேத்து நீ சொன்ன பேரையே எழுதிடட்டுமா?" என்கிறான் கணவன், பேனா மூடியைக் கடித்தபடி. "எழுதுங்க. பேர் ஏறிடுச்சுன்னா கால் பட்டைய வெட்டிடலாம்," என்று நர்ஸ் கத்தரிக்கோலை எடுக்கிறாள். குழந்தையின் அம்மா துணியை விலக்கிப் பார்க்கிறாள். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கணுக்காலில் பிளாஸ்டிக் பட்டை. ஈரம் பட்டுக் கலங்கிய நீல மையில் அவளுடைய பெயர், அதன் கீழே 'பெண் குழந்தை'. பள்ளிக்கூட நோட்டுகளுக்குப் பிறகு அவள் பெயர் எழுதிய பொருள் இது ஒன்றுதான். "பேரை அப்புறம் வந்து சேர்க்கலாமா சார்?" என்கிறாள் அவள். "சேர்த்துக்கலாம்மா, அதுக்கு அவகாசம் இருக்கு. ஏன், இன்னும் முடிவாகலையா?" "அதெல்லாம் ஆயிடுச்சு. இன்னும் நாலு நாள் என் பேர்லயே இருக்கட்டும்." குமாஸ்தாவின் கண்ணாடி மூக்குக்கு இறங்குகிறது. வெற்றுக் கட்டத்தில் ஒரு கோடு இழுக்கிறார். கத்தரிக்கோல் நர்ஸின் பைக்குள் திரும்பிப் போகிறது.