மைமூனின் முதுகு நோவு

தேங்காப்பட்டணத்துச் சுலைகா பீவியின் மகள் மைமூனுக்குப் பிறவியிலேயே நடை கிடையாது. பன்னிரண்டு வயதிலும் உம்மாவின் இடுப்புதான் அவளுக்கு வண்டி.

ஒருநாள், "உம்மா, முதுகு நோவுது" என்று மைமூன் அழுதாள். சுலைகா பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வர்ம ஆசான் வீட்டுக்கு ஓடினாள்.

சுலைகா கிணற்றடியில் முகம் கழுவி வருவதற்குள் ஆசான் பிள்ளையிடம் எல்லாம் விசாரித்து, தைலக் குப்பியைக் கையில் எடுத்திருந்தார்.

"இது கடுத்த தைலமாக்கும். நேரா தேச்சா பிள்ளைக்குத் தோலு பொள்ளிப்போவும். மொதல்ல ஒனக்க முதுகுல அவளைத் தேய்க்கச் சொல்லு. சூடு அடங்குன பொறவு அதுல துளி தொட்டு அவளுக்கு வை. தெனமும் மத்தியானம் நீயும் கூடப் படுத்துக் கெடக்கணும்."

"எனக்குப் படுக்க ஏது நேரம், ஆசானே?"

"அப்போ பிள்ளைக்கு நோவு போவாது."

மகளுக்காக என்றதும் சுலைகா மறுபேச்சின்றிப் படுத்தாள். மைமூன் கை ஓயத் தேய்த்தாள். மழைக்காலம் முடிவதற்குள், நோவு போய்விட்டதென்று சிரித்தாள். சுலைகா அவளைச் சுமந்துகொண்டு ஆசானுக்கு நன்றி சொல்ல வந்தாள்.

"ஒனக்க முதுகு எப்பிடி இருக்கு?" என்றார் ஆசான்.

முன்பெல்லாம் மகளைச் சுமந்து வரும்போது சுலைகா நின்று நின்றுதான் வருவாள். இன்று வழியில் ஓர் இடத்தில்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏட்டி கள்ளி! அப்போ நோவுன்னு அழுதது பொய்யா?"

"நோவு நெசந்தான் உம்மா. ஆனா, அது ஒனக்க முதுகுல."