பொங்காத பால்

பால் பொங்கியது.

பானையின் விளிம்பைத் தாண்டி, மஞ்சளையும் குங்குமத்தையும் நனைத்துக்கொண்டு அடுப்பில் வழிந்தது. புது வீடு நிறையப் பெண்கள் குலவையிட்டார்கள்.

அவளும் சிரித்துவிட்டாள். ஒரு நொடிதான்.

பூசணி விதைப் பால் பொங்காது.

இரண்டு வருடமாகத் தினமும் காய்ச்சுகிறாள். விதையை ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுவாள். கொஞ்சம் அசந்தால் திரிந்துபோகும். ஓரத்தில் நுரைக்கும். இப்படி ஒருநாளும் ஓடிவந்து வழிந்ததில்லை.

இந்த வீட்டின் முதல் பால் மகள் ஆதிரையும் குடிக்கிற பாலாக இருக்கட்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள். கணவன் தலையாட்டினான். அவனுடைய அக்கா, இவளுடைய மதினி, ஒன்றும் சொல்லவில்லை. மதினி ஒன்றும் சொல்லாதபோதே இவள் சுதாரித்திருக்க வேண்டும்.

மகளுக்குப் பாவாடை கட்டிவிடப் போனது ஐந்து நிமிடம்.

மற்றவர்கள் பாலை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருக்க, இவள் அடுப்படியைத் துழாவினாள். அடுப்புக்குப் பின்னால், தேங்காய் மூடிக்கு அடியில், முனை வெட்டிய பால் பாக்கெட் கிடந்தது.

"மதினி, இதுல என்ன ஊத்துனீங்க?"

"பசும்பால்தான், அரை பாக்கெட். பொங்கலேன்னா குடும்பத்துக்கு ஆவாதுல்லா. கொதிச்ச பால் என்ன செஞ்சிரும்?"

என்ன செய்யும் என்று இவளுக்குத் தெரியும். ஆதிரைக்கு இரண்டு வயதில் அரைக் கரண்டி தயிர். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் அந்த விசில் நின்றது. அந்த அமைதி இன்னும் இவள் காதில் இருக்கிறது.

மதினி அன்று ஊரில் இல்லை.

ஆதிரை எங்கே?

கூடத்தில் கணவன் காலித் தட்டோடு நின்றான். எல்லோர் கையிலும் டம்ளர்.

"பாப்பாவுக்குத்தான் முதல்ல குடுத்தேன்" என்றான், பெருமையாக.

அவள் ஓடினாள். பட்டுப்புடவைக்கு மேல் மருந்துப் பை தோளில் இடித்தது. வீட்டு விசேஷத்துக்கு எதற்குப் பை என்று காலையில்தான் எல்லோரும் கேலி செய்தார்கள்.

படுக்கையறையில் இல்லை. பின்கட்டில் இல்லை.

பால்கனியில் இருந்தாள். சுவரோரம் சம்மணமிட்டு, மடியில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி.

இவள் அப்படியே உட்கார்ந்து குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். உதட்டை விரலால் தடவினாள்.

"குடிச்சியா? சொல்லு கண்ணு, குடிச்சியா?"

"நீ இன்னும் குடிக்கலேல்லா."

யார் எது கொடுத்தாலும் அம்மா ஒரு வாய் குடித்த பிறகுதான். தயிருக்குப் பிறகு இவள் போட்ட சட்டம் அது.

டம்ளரில் பால் தளும்பிக்கொண்டிருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அழுகை தானாக வந்தது. பால்கனி வாசலில் ஆட்கள் கூடி நின்றதும் தெரியவில்லை.

மதினி உள்ளே வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பாசம்தான் இருந்தது. இந்த வீட்டைப் பிடித்ததே மதினி எதிர்வீட்டில் இருக்கிறாள் என்றுதான். திங்கட்கிழமை இவள் வேலைக்குப் போகத் தொடங்குகிறாள். பகல் முழுக்க ஆதிரை அத்தையிடம்தான்.

"இவ்வளவுதானா விஷயம்?"

மதினி குனிந்து டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள்.

"இந்தாட்டி தங்கம், அத்தை குடிச்சிட்டேன். இனி நீ குடிக்கலாம்."

இவள் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

பொத்திய கைக்கு மேலே இரண்டு கண்கள். அவை அத்தையைப் பார்த்தன. பிறகு அம்மாவைப் பார்த்தன.

திங்கட்கிழமை யாரைப் பார்க்கும்?