சாரம்

மறுபடியும் ஒரு லாரி ஹாரன் அடித்துக் கெடுத்துவிட்டது.

“ஒண்ணுகூடி, அண்ணாச்சி. சுருக்கிப் பறயணம், கேட்டோ?” என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லி பிரபின் போனை நேராகப் பிடித்தான். உள்ளூர் மலையாளத்துப் பையன். போனிலேயே செய்திச் சேனல் நடத்துகிறவன்.

குற்றாலலிங்கத்துக்கு நாக்கு வறண்டு கிடந்தது.

மகன் இசக்கிராஜின் காரியத்தை முடித்த கையோடு கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தார். சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஒரே மலைதான். ஆனாலும் பாஷை தெரியாதவனுக்கு மலையைத் தாண்டினால் சீமைதான்.

வந்தது ஒரே காரியத்துக்கு, நடந்ததை நாலு பேர் அறியச் சொல்ல.

கட்டட வேலையில் மகன் போனில் பேசிக்கொண்டே கால் தவறி விழுந்தான் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் சாரம் கட்டாமல், வெறும் சன்ஷேடில் நிற்க வைத்து வெளிச்சுவரைப் பூசச் சொன்னதை ஒருத்தரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதே சன்ஷேடில் ஆட்கள் நின்று பூசிக்கொண்டிருந்தார்கள். ரோட்டிலிருந்தே தெரிந்தது. எல்லாம் இசக்கிராஜ் வயசு.

முதலில் அவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல்தான் சொன்னார். பாதியிலேயே பிரபின் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். நீளமாம்.

பிறகு வெயில் முகத்தில் அடிக்கிறது என்று மதில் ஓரமாக நகர்த்தினான். தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னான். பார்த்துவிட்டு, போடச் சொன்னான். அழுகை வந்தால் அடக்க வேண்டாம் என்று கண்ணைத் தொட்டுக் காட்டினான்.

அழுகை வரவில்லை. முட்டி வலிதான் வந்தது.

இவனிடம் நீட்டி முழக்கினால் ஆகாது என்று பட்டது அவருக்கு. ரெண்டே சொல்லாக நசுக்கிக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். ரெண்டு சொல்லை எந்த லாரி வந்து கெடுத்துவிடும்?

“கம்பெனிக்காரோடு எந்தெங்கிலும் பறயானுண்டோ?”

பிரபின் கேட்டதில் கம்பெனி என்பது மட்டும் விளங்கியது. போதும். அவர் போனைப் பார்த்துச் சொன்னார்.

“சாரம் இல்ல.”

கண் கலங்கிவிட்டது பிரபினுக்கு. போனை இறக்கி, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அப்பாடா, ஒருத்தனுக்காவது விளங்கியதே என்று அவர் பெருமூச்சு விட்டார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, டீக்கடையில் ஒருத்தர் எழுந்து வந்து அவரைக் கும்பிட்டார். நாகேஸ்வரன் என்று பேர் சொன்னார். வள்ளியூர்க்காரர், இங்கேயே கடை வைத்துக் காலம் தள்ளுகிறவர். கையில் இருந்த போனில் குற்றாலலிங்கத்தின் முகம் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன மனசு ஓய் உமக்கு! பெத்த புள்ளயக் குடுத்துட்டு, கம்பெனிக்காரன்ட்ட பரவாயில்லன்னு சொல்லிட்டீரே!”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? சாரம் இல்லன்னுல்லா சொன்னேன்!”

நாகேஸ்வரன் முகம் மாறியது.

“இந்த ஊர்ப் பேச்சுல சாரமில்லன்னா, பரவாயில்லன்னு அர்த்தம் ஓய்.”

படத்துக்கு அடியில் கும்பிட்ட கைகளாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கம்பெனி முதலாளியும் அதை எடுத்துப் போட்டிருந்தார். மன்னித்த தகப்பன் என்று மேலே எழுதியிருப்பதாக நாகேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு வாசித்துச் சொன்னார்.

குற்றாலலிங்கம் பிரபினுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே வண்டி இரைச்சல்.

“தம்பி, தப்பாயிட்டு. நான் சொன்னது...”

தப்பு என்பது மட்டும் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். பெரியவர் தன்னைப் பல தடவை படம் பிடிக்க வைத்ததற்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

“ஏய், சாரமில்ல அண்ணாச்சி,” என்றான், அவ்வளவு பிரியமாக. “சாரமில்ல.”