தலைமேல் கை

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டவில்லை.

மாராத்தாளின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. குலதெய்வக் கோயிலில் கட்டியது. ஆபரேஷன் தியேட்டருக்குள் நகை கூடாது, பொட்டு கூடாது, கயிறும் கூடாது. கம்மல் கழற்றியாயிற்று. மூக்குத்தியும் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் கொடுத்தவள், கயிறு என்றதும் கையை மடித்துக்கொண்டாள்.

நர்ஸ் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். கயிற்றைப் பஞ்சால் மூடிப் பிளாஸ்திரி ஒட்டினாள். டாக்டர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மாராத்தாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ற சாமிய உட்டு வெச்சுட்ட. உன்ற சாமிகிட்டயும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் போடு கண்ணு."

சொன்னதோடு நிற்கவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இப்பிடித்தான வெப்பீங்க?"

நரைத்த தலை. இறுக்கிப் பின்னியிருந்தது. உள்ளங்கையில் சூடு ஏறியது.

இந்தக் கைதான்.

நாலு மாதம் முன்பு. இதே வார்டு, வேறு கட்டில். நினைவு தப்பிக் கிடந்த ஒருவரின் தலையில் வைத்து ஜெபித்தாள். அவர் கேட்கவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் வைத்தாள். மருமகன் பார்த்துவிட்டுப் புகார் எழுதினான். மதம் மாற்றப் பார்க்கிறாள் என்று. நினைவே இல்லாதவரை எங்கே மாற்றுவது?

ஆனாலும் கேட்காமல் வைத்தது தப்புத்தான். கர்த்தரிடம் ஒத்துக்கொண்டாள். மேட்ரனிடம் எழுதியும் கொடுத்தாள். நோயாளிகளுக்கு இனி ஜெபம் செய்ய மாட்டேன். செய்தால் வேலையிலிருந்து நீக்கலாம். கீழே கையெழுத்து.

மேட்ரனும் சபைக்குப் போகிறவர்தான். "மனசுக்குள்ள ஜெபிச்சுக்கோ புள்ள. கர்த்தருக்குக் காது நல்லாவே கேக்கும்."

அன்றிலிருந்து கண்ணை மூடுவதில்லை. டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்தபடி ஜெபம். பிரஷர் குறித்தபடி ஜெபம். ஆமென் மட்டும் தொண்டைக்குள்.

இப்போது இவள் கேட்கிறாள்.

கேட்டால் செய்யலாமா? எழுதிக் கொடுத்த தாளில் அப்படி ஒரு வரி இல்லையே.

"மனசுக்குள்ள சொல்லுதேம்மா."

"எனக்குக் காதுல விழ வேண்டாமா?"

இதய வால்வு மாற்றுகிறார்கள். எழுபத்தொரு வயது. சர்க்கரை வேறு. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் மகனிடம் சொன்னபோது அவளும் பக்கத்தில் நின்றாள். மாராத்தாளுக்குத் தெரியாது.

தெரியாதா?

இவள் திரும்பி வந்துவிட்டால் பயமில்லை. நான்தான் கேட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லுவாள்.

வராவிட்டால்?

கேட்டது யார் என்று யார் சொல்வார்கள்?

நினைத்ததுமே வாய் கசந்தது. போகிற உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனக்குச் சாட்சி தேடுகிறாளே. கர்த்தாவே, இது என்ன புத்தி.

ஆனால் வேலை போனால்?

மகன் துரைசாமி சம்மதத் தாளில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தான். நேற்று அவள் பெயர் அட்டையை இரண்டு தரம் படித்தவன். படித்துவிட்டு, "மருந்து மட்டும் குடுங்க சிஸ்டர், போதும்" என்றவன்.

மாராத்தாள் அவள் முகத்தையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்ற பையனுக்குப் பயந்துக்கறயா? நீ கண்ண மூடிக்கோ. நான் வாசலப் பாத்துக்கறேன். வந்தான்னா இருமறேன்."

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

மூடினாள்.

வார்த்தை உடனே வரவில்லை. நாலு மாதப் பழக்கம், உதடு ஒட்டிக்கொண்டது. பிறகு மெல்ல வந்தது. ஆண்டவரே, இந்தத் தாயைப் பாரும். இவளுக்கு மூச்சுக் கொடும்.

லிஃப்ட் திறக்கும் ஓசை.

செருப்புச் சத்தம். தாழ்வாரத்தில். வார்டுக்குள்.

இருமல் இல்லை.

வேறு யாரோ. வேறு கட்டிலுக்கு. மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும். பயத்தை எடுத்துப் போடும்.

செருப்புச் சத்தம் நின்றது. பக்கத்தில்.

இருமல் இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் துரைசாமி. ஒரு கையில் தாள். ஒரு கையில் தூக்கிப் பிடித்த போன். போனின் வெளிச்சம் அவன் மோவாயில்.

கையை இழுத்தாள். வரவில்லை. அதன்மேல் மாராத்தாளின் கை. இவ்வளவு பலம் இந்த உடம்பில் எங்கிருந்தது?

மாராத்தாள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் தலை காட்டியதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அயர்ந்துபோன கண்ணே இல்லை அது; வேண்டுமென்றேதான் இருமவில்லை.

"நாந்தாண்டா கேட்டேன். நல்லாக் கேட்டுக்க. நாந்தான்."

 அவன் போனைக் கீழே இறக்கவில்லை.

"செருப்பக் கழட்டிப் போட்டு வந்து நில்லு."

வார்டு வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. தள்ளுகிறவர் சுவரில் சாய்ந்து காத்திருந்தார்.

"நீ ஏங் கண்ணு நிறுத்திட்ட?" என்றாள் மாராத்தாள். "பாதியில உட்டா சாமி பாதிதான் கேக்கும்."

ஆமென் இன்னும் சொல்லவில்லை.

அவள் துரைசாமியைப் பார்த்தாள். அந்த போனைப் பார்த்தாள்.

மறுபடி கண்ணை மூடினாள்.

செருப்பு நகரும் ஓசை. வருகிறதா, போகிறதா, கழல்கிறதா, தெரியவில்லை.

இந்தத் தடவை ஆமென் வரை வாய்விட்டுச் சொன்னாள்.