வலைக்கு அந்தப்புறம்

பந்து பின்னாலிருந்து உயரமாக வந்துகொண்டிருந்தது. வலையருகே நின்ற அப்துல் ஹக்கீம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்தான்.

ஐந்தாவது செட். பதின்மூன்றுக்குப் பதினாலு. எதிரணிக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் போதும், கோப்பை அவர்களுக்கு.

நாரணாபுரம் பொட்டலைச் சுற்றி அத்தனை சனம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு இடையே வாலிபால் என்றால் சித்திரை வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம்.

ஹக்கீம் பந்தை அடிப்பவனில்லை. அடிப்பவர்களுக்குத் தூக்கிக் கொடுப்பவன். பதின்மூன்று வருஷமாக அதற்குத்தான் சம்பளம். கம்பெனி ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே குடோன் வேலை என்று எழுதியிருக்கும். குடோனுக்குள் அவன் கால் வைத்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோ.

ஜெயித்தால் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் தூக்கிக் கொடுத்தவனுக்கு வசவு. ஹக்கீமுக்கு அதில் வருத்தமே கிடையாது.

பந்து அவன் விரலை விட்டுப் போகும்போதே இன்னொருத்தன் அந்தரத்தில் எழும்பியிருப்பான். இவன் கொடுத்துவிடுவான் என்று நம்பி எழும்பியவன். அந்த அரை நொடிக்காகத்தான் விளையாடுகிறேன் என்று ஹக்கீம் ஒருமுறை மனைவி பைரோஜாவிடம் சொன்னான்.

“அதுக்கெல்லாமா கோப்பை குடுக்காக?” என்று அவள் சிரித்துவிட்டாள்.

பழைய கம்பெனியில் அப்படி எழும்பியவன் அருள்பாண்டி. வெம்பக்கோட்டைக்காரன். பதினோரு வருஷம் இருவரும் ஒரே அணி.

ஹக்கீம் யாரையும் திரும்பிப் பார்த்துக் கொடுப்பதில்லை. கண் பந்தின் மேல் இருக்கும், காது அருள்பாண்டியின் மேல் இருக்கும். “மாப்ளே!” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சத்தம் வந்த இடத்துக்கு மேலே பந்து போய்விடும்.

காரியாபட்டியில் ஒருமுறை நோன்பு மாதத்தில் ஆட்டம் வைத்துவிட்டார்கள். ஹக்கீம் நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடினான். பொழுது இறங்கி, பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும், ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதென்று அருள்பாண்டி நடுக்களத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டான். முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். நடுவர் கத்திக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினான். உள்ளே இரண்டு பேரீச்சம்பழம்.

பிறகு அருள்பாண்டிக்கு முட்டி வலி வந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஹக்கீம் ஒரு சாண் இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தான். அதை இவனும் சொல்லவில்லை.

அப்புறம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுக் கம்பெனிக்காரர்கள் கூடுதல் சம்பளத்துக்கு ஹக்கீமைக் கூப்பிட்டார்கள். பைரோஜாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்த நேரம். போனான்.

அதனால்தான் இன்று அருள்பாண்டி வலைக்கு அந்தப்புறம் நிற்கிறான்.

பந்து விரல் நுனிக்கு வந்துவிட்டது.

“மாப்ளே!”

கைகள் தாமாகத் திரும்பின.

பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. வழக்கத்தைவிட ஒரு சாண் இறக்கமாக, ஆடாமல், சுழலாமல் போனது. அங்கே அருள்பாண்டி ஏற்கெனவே அந்தரத்தில் இருந்தான்.

அடி விழுந்த சத்தம் பொட்டல் முழுக்கக் கேட்டது.

அவன் அணிக்காரர்கள் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள். அருள்பாண்டி சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாதவன்போல வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நடுவர் வேலுச்சாமி ஏணியிலிருந்து இறங்கி வந்தார். அவர் காதிலும் ஏதோ விழுந்திருந்தது. எதிரணிக்காரன் சத்தம் கொடுத்து ஏமாற்றியிருந்தால் அந்தப் பந்து செல்லாது, மறுபடி ஆடவேண்டியதுதான்.

“உள்ளதச் சொல்லுங்க. அவரு உங்களக் கூப்பிட்டாரா?”

புதுக் கம்பெனி மேனேஜர் பின்னால் வந்து நின்றார். ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டம் இன்னும் இருக்கிறது.

அருள்பாண்டி தலையைத் தொங்கப்போட்டிருந்தான்.

“இல்ல சார். என் கை தப்பு,” என்றான் ஹக்கீம்.

ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று பொட்டலில் பேச்சு கிளம்ப ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மேனேஜர் அவன் முகத்தைப் பார்க்காமலே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஹக்கீம் பனியனைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு சிவகாசி வரைக்கும் நடந்தே வந்தான். அவனுக்கு முன்பே சேதி வீட்டுக்கு வந்திருந்தது.

பைரோஜா சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“தோத்துப்போனீகளாமே. வேலையும் போச்சாமே. பொறவு எதுக்குச் சிரிச்சுக்கிட்டு வாரீக?”

ஹக்கீம் பிள்ளையை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

“ரெண்டு வருசமா ரோட்டுல எதிர்ல வந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவான்ல அருள்பாண்டி,” என்றான். “இன்னைக்குக் கூப்பிட்டுட்டான், பைரோஜா.”